வழி யாருக்கு உரியது?

மகாபாரதத்தின் வன பர்வத்தில் சாலையில் நிகழும் ஒரு சம்பவம் உண்டு. ஜனக மன்னரின் வேள்விச்சாலையை நோக்கி, உடலெங்கும் கோணல்கள் கொண்ட அஷ்டாவக்கிரன் என்ற பாலகன் நடந்து செல்கிறான். எதிரே மன்னர் வருகிறார். வழியை விட்டு விலகுமாறு சிறுவன் விரட்டப்படுகிறான். அவனோ அஞ்சாமல், வழியில் முன்னுரிமை யாருக்கு என்று எடுத்துரைக்கிறான். பார்வையற்றோர், காது கேளாதோர், பெண்கள், சுமை தூக்கிச் செல்வோர் ஆகியோரைக் கூறிய பின்னரே மன்னரைக் குறிப்பிடுகிறான். அந்தணன் எதிர்ப்பட்டால் வழி அவனுக்கே என்றும் சேர்த்துக்கொள்கிறான். அது அக்காலத்து வழக்கு. ஜனகர் மறுப்பின்றி வழிவிடுகிறார்.

இந்த வரிசையைச் சிந்தித்தால் ஓர் அறம் புலப்படும். ஒருவர் வருவதைக் காண இயலாதவர். ஒருவர் ஒலியைக் கேட்க இயலாதவர். ஒருவர் பாரத்தால் விரைந்து விலக இயலாதவர். விலக இயலாதவருக்காக, இயன்றவரே விலக வேண்டும்.

இன்று மன்னரின் இடத்தில் இருப்பவர் வாகன ஓட்டி. 2022-ஆம் ஆண்டில் நம் நாட்டுச் சாலை விபத்துகளில் 1,68,491 பேர் உயிரிழந்தனர். அவர்களுள் 32,825 பேர் பாதசாரிகள். நாளொன்றுக்கு ஏறத்தாழ 90 உயிர்கள்.

'ஹாரன் அடித்தேன், அவர்தான் விலகவில்லை' என்று சிலர் வாதிடுவதுண்டு. ஆனால் ஹாரன் ஓர் எச்சரிக்கை மட்டுமே. அதனுடன் கடமை முடிந்துவிடுவதில்லை. செவித்திறன் குன்றிய முதியவரை அது எட்டுவதில்லை. பந்தைத் துரத்தி ஓடிவரும் குழந்தையின் மனதில் அது பதிவதில்லை.

பாதசாரி விதியை மீறிக் குறுக்கே வந்தால் என்ன செய்வது? தவறு அவருடையதாகவே இருக்கலாம். யார் பங்கு எவ்வளவு என்பதைச் சட்டம் ஆராயட்டும். அறம் கேட்கும் கேள்வி வேறு: தடுக்கும் ஆற்றல் யாரிடம் இருந்தது? நடந்து செல்பவரின் கவனக்குறைவு பெரும்பாலும் அவர் உயிருக்கே ஆபத்தாகிறது. வாகன ஓட்டியின் கவனக்குறைவோ பிறர் உயிரைப் பறிக்கிறது. ஆகவே இருவரின் பொறுப்பும் சமமாக இருக்க முடியாது.

மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் வாகனம் ஒரு நொடியில் ஏறத்தாழ 17 மீட்டர் கடக்கிறது. வேகம் இருமடங்கானால், பிரேக் பிடித்தபின் வண்டி நிற்கத் தேவையான தூரம் நான்கு மடங்காகிறது. கடைசி நொடியில் உள்ளத்தில் எழும் இரக்கத்திற்கு வண்டி கட்டுப்படாது. பள்ளி வாயிலிலும் பேருந்து நிறுத்தத்திலும் சந்தைத் தெருவிலும் முன்கூட்டியே வேகத்தைக் குறைப்பவரின் இரக்கமே பயன் தரும். சைக்கிளில் செல்பவரை முந்தும்போது போதிய இடைவெளி விடுவதும், பாதசாரி முழுவதும் கடக்கும்வரை பொறுமையுடன் நிற்பதும் அத்தகையவையே.

ஒரு சிறுவனுக்கு வழிவிட்டதால் ஜனகரின் பெருமை குறைந்துவிடவில்லை. வலிமை உள்ளவர் காத்து நிற்கும் அந்தச் சில நொடிகளில், முகமறியாத ஒருவர் பத்திரமாக வீடு திரும்புகிறார்.