மருந்து என்கிற சொல்

கேரள மலையில் சாந்தன்பாறைப் பக்கம் தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயங்களின் பின்புறம் ஒரு துண்டு நிலம் கிடைத்தால் போதும், பீன்ஸும் முட்டைகோஸும் வந்துவிடும். கோஸ் இலையைத் திருப்பிப் பார்த்தால் வைரமுதுகுப் பூச்சியின் பச்சைப்புழு இருக்கும். விரல் பட்டதும் துடித்து நெளிந்து ஒரு நூலை விட்டுக்கொண்டு அந்தரத்தில் தொங்கும். அதை நசுக்குவது பாவமா என்று கேட்டால் பலருக்குச் சிரிப்பு வரும். ஆனால் கொல்லாமைக்குத் தனி அதிகாரம் எழுதிவைத்த மொழியில் இந்தக் கேள்வியைச் சிரித்துத் தள்ளிவிட முடியாது.

இதை நெடுங்காலம் நேரில் சந்தித்தவர்கள் தமிழ்ச் சமணர்கள். வந்தவாசி, ஆரணி, திண்டிவனம் வட்டாரங்களில் அவர்கள் தலைமுறை தலைமுறையாக உழவர்கள். ஓரறிவு உயிரையும் கணக்கில் வைக்கிற சமயம் ஏர் பிடிப்பவனை எப்படிச் சேர்த்துக்கொண்டது? துறவிக்கு ஒரு விதி, இல்லறத்தானுக்கு ஒரு விதி என்று பிரித்தது. கொல்ல வேண்டும் என்றே கொல்வது சங்கல்ப இம்சை. அதை இல்லறத்தான் அறவே விட்டாக வேண்டும். அடுப்படியிலும் தொழிலிலும் தன்னால் நேர்வது வேறு வகை. அதுவும் இம்சைதான், குறைத்துக்கொள்ள வேண்டியதுதான், ஆனால் தவிர்க்க முடியாதது. உழும்போது மாளும் மண்புழு இந்த இரண்டாம் வகையில் அடங்கும். இலையைத் திருப்பித் தேடிப் பிடித்து நசுக்குவதோ முதல் வகைப் பக்கமே சாய்கிறது. இதை மழுப்பக் கூடாது. வள்ளுவரும் உழவு அதிகாரத்தில் உழுவது, எருவிடுவது, களையெடுப்பது, நீர்விடுவது என்று சொல்லிவந்து, நீரைவிடப் பெரிதாக வைப்பது பயிரின் காவலைத்தான். காவல் என்றால் காப்பது. அதில் கொலை எப்போதாவது நேரலாம். காவலும் கொலையும் ஒன்றல்ல.

ஆகவே என் கட்சி இது: புழுவைக் கொல்வது தவறுதான், சில நேரம் செய்தே ஆக வேண்டிய தவறு. செய்கிறவனுக்கு அது தவறாகவே உறைத்துக்கொண்டிருக்க வேண்டும். அந்த உறுத்தலை அழிப்பதில் முதலிடம் ஒரு சொல்லுக்கு. விஷத்தை நாம் ‘மருந்து’ என்கிறோம். ‘மருந்தடிச்சாச்சா?’ என்று கேட்கும்போது அங்கே யாரும் எதையும் கொல்லவில்லை. பயிருக்கு வைத்தியம் நடக்கிறது, அவ்வளவே.

உறுத்தல் இருந்தால் புழுவுக்கு என்ன லாபம், எப்படியும் சாகிறதே என்று கேட்கலாம். சாகிற புழுவுக்கு லாபமில்லை. ஆனால் விரல் ஒன்றைத்தான் கொல்லும். எதைக் கொல்கிறோம் என்று கண் பார்த்தாக வேண்டும். மருந்து பம்பு அந்தப் புழுவைத் தின்னும் குளவியையும் பூவுக்கு வந்த தேனீயையும் சேர்த்தே கொல்லும். இத்தனைக்கும் வைரமுதுகுப் பூச்சி அசருவதில்லை. 1950களின் தொடக்கத்திலேயே ஜாவாவில் டி.டி.டி.க்குத் தாக்குப்பிடித்த பூச்சி அது. பிறகு வந்த மருந்துகள் பலவற்றையும் பழகிக்கொண்டது.

மழையையும் இங்கே சேர்த்துப் பார்க்க வேண்டும். இந்த மலையில் ஆனி, ஆடிக் காற்றோடு வரும் சாரல் ஒரே இரவில் பந்தலைச் சாய்த்துவிடும், செடியை அழுக வைக்கும். புழு தின்றது நாலு இலையாக இருக்கலாம். மழையைத் திட்டுகிறவர் யாரும் பம்பைத் தோளில் மாட்டிக்கொண்டு அதன் மேல் பாய்வதில்லை. முகமில்லாததிடம் கோபம் நிற்காது. மறுநாள் கைக்கு எட்டுவது புழுதான். அடித்த மருந்தை மழை கழுவிவிட்டது என்று மறுபடி அடிப்பதில் எவ்வளவு தேவை, எவ்வளவு கோபம் என்று அடிப்பவரே பிரித்துச் சொல்வது கடினம்.

மழை கழுவியது போக எஞ்சும் விஷம் எங்கே போகிறது என்பதற்கு ஒரு சம்பவம் போதும். 2023 ஜனவரியில் கேரள உயர் நீதிமன்றம் சபரிமலை அரவணைப் பாயச விற்பனையை நிறுத்தியது. அதில் சேர்த்த ஏலக்காயில் 14 பூச்சிக்கொல்லிகள் அளவுக்கு மேல் இருந்ததாகச் சோதனை சொன்னது. ஆறு லட்சத்துக்கு மேற்பட்ட டின்கள் தேங்கின. பாயசம் உண்ணத்தக்கதே என்று பின்னர் உச்ச நீதிமன்றம் கேட்ட சோதனையில் முடிவு வந்தது. அதற்குள் அதன் காலம் கடந்துவிட்டது. மாலை போட்டு, விரதமிருந்து, புலாலைத் தொடாமல் மலையேறியவர் கையில் வாங்கும் பிரசாதத்தின் பின்னால் எத்தனை கோடிப் பூச்சிகளின் சாவு இருக்கிறது என்பது எந்த விரதக் கணக்கிலும் ஏறுவதில்லை.

இவ்வளவு தொல்லை எதற்கு, கடையில் வாங்கிக்கொண்டால் கை சுத்தம் என்று சொல்பவருக்கு வள்ளுவரே பதில் வைத்திருக்கிறார். வாங்குகிறவன் இருப்பதால்தான் கொன்று விற்கிறவனும் இருக்கிறான் என்று புலாலைப் பற்றி அவர் சொன்னது சந்தைக் கோஸுக்கும் பொருந்தும். இதைவிடக் கனமான எதிர்ப்பு வேறொன்று: தேயிலையிலோ ஏலத்திலோ நாள் முழுக்க நின்று திரும்புகிற பெண்ணிடம் இலை இலையாகத் திருப்பிப் பார் என்பது, நேரம் உள்ளவர்கள் நேரமில்லாதவர்களுக்குச் சொல்லும் அறம் அல்லவா? உண்மைதான். அவளுக்கு ஒரு துண்டு வலையோ, அடுப்புச் சாம்பலோ, வேப்பெண்ணெயோ போதும். வேப்பெண்ணெயும் கொல்லும், அதைச் சைவ மருந்து என்று பேர் மாற்றிக்கொள்ள வேண்டியதில்லை. அவள் வீட்டுக் கோஸ் பத்துச் செடி. பம்பின் கணக்கைக் கேட்க வேண்டியது பத்து ஏக்கர் ஏலக்காட்டில்.