மனத்துள் ஒரு கோயில்



துன்பம் வந்தால் ஆலயத்துக்கு ஓடி வருகின்றோம். ஓடி வர முடியாத வேளையில் என்ன செய்வது? படுத்த படுக்கையாய்க் கிடப்பவரும், பிறதேசத்தில் இரவுவேலை செய்பவரும், கடன்காரருக்குப் பயந்து படலையைச் சாத்திவிட்டு உள்ளே இருப்பவரும் எங்கே போவார்கள்? பூசலார் நாயனார் வரலாறு இதற்கு வழி காட்டுகின்றது.

தொண்டை நாட்டுத் திருநின்றவூர் அந்தணர் அவர். சிவனுக்குக் கோயில் எடுக்கப் பொருள் தேடினார், கிடைக்கவில்லை. வருந்தி, ஈற்றில் மனத்தினாலே கட்டத் தொடங்கினார். பெரியபுராணத்தில் சேக்கிழார் பெருமான் இதைச் சொல்லும் முறையைக் கவனியுங்கள். நாயனார் ஒரு நொடியில் கோயிலை நினைத்துவிடவில்லை. மனத்திலேயே நிதி சேர்த்தார், தச்சரைத் தேடினார், நல்ல நாள் பார்த்து அடிநிலை இட்டார், இரவிலும் கண் துயிலாது வேலை நடத்தினார். விமானம், சுதை வேலை, கிணறு, மதில், திருக்குளம் யாவும் அமைந்த பின்னரே குடமுழுக்குக்கு நாள் வைத்தார். கந்தோரில் கோவைகளோடு காலம் கழித்த எனக்கு இந்த ஒழுங்கு மிகவும் பிடிக்கும்.

காஞ்சியில் கற்றளி எடுத்த மன்னனும் அதே நாளையே குறித்திருந்தான். இறைவன் கனவில் தோன்றி, பூசலாரின் கோயிலுக்குத் தாம் போவதால் வேறு நாள் வைக்கப் பணித்தார். மன்னன் திருநின்றவூர் வந்து விசாரித்தால், அப்படியொரு கோயிலே இல்லை என்றார்கள் ஊரார்! இன்று அங்கே இருதயாலீசுவரர் ஆலயம் இருக்கின்றது.

எம்மவருக்கு இது வெறும் பழங்கதையன்று. 1995 ஒக்டோபர் 30 இரவு, பிள்ளையாரைப் பூட்டிய கதவுக்குள் விட்டுவிட்டு, நாவற்குழிப் பாலம் கடந்து தென்மராட்சிக்கு நடந்தோம். அங்கே நாம் தங்கிய பாடசாலை மண்டபத்தில், எங்கள் ஒழுங்கை ஆச்சி ஒருவர் மாலை வேளையில் கண்ணை மூடி மூலையில் இருப்பார்.

"என்னணை ஆச்சி, நித்திரையோ?" என்று ஒருநாள் கேட்டேன்.

"இல்லைத் தம்பி, இப்பதான் பலிபீடத்தடிக்கு வந்திருக்கிறன். கொஞ்சம் பொறு."

கோபுரவாசல், கொடித்தம்பம், மூலஸ்தானம், உள்வீதி எல்லாம் அவர் மனத்தில் அப்படியே இருந்தன. இருக்காதா? எத்தனையோ வருடம் அந்த வீதியைக் கூட்டிய கை அது. பூசை நேரத்தில் கைத்தொலைபேசியும் காணிக் கதையுமாய் நிற்பவர் எதை நினைவில் கொண்டு போவார்? திருப்பணிக்குக் காசு தருபவர்களுக்கு நன்றி. ஆனால் இந்தத் திருப்பணியை ஒருவருக்காக இன்னொருவர் செய்ய முடியாது.

இப்படி இருந்தால் கவலை தீருமா என்று சிலர் கேட்கின்றனர். கடன் இதனால் அடைபடாது. அந்த ஆச்சியின் காணாமற்போன மகனும் திரும்பி வரவில்லை. ஆனாலும் கண் திறந்ததும் எழும்பிப் போய், அந்த மண்டபத்துப் பிள்ளைகளுக்குக் கஞ்சி காய்ச்சுவார். அதற்கான தெம்பு அவருக்கு அங்கிருந்துதான் வந்தது.

ஆகவே இன்று கும்பிடும்போது ஒவ்வொன்றையும் ஆறுதலாகப் பாருங்கள். இரவு விளக்கை அணைத்தபின் பத்து நிமிடம், கால் கழுவுவதிலிருந்து தொடங்கி, மனத்தால் ஒருமுறை வீதி சுற்றி வாருங்கள். நடுவில் கடன்காரர் முகம் வரும், பிள்ளையின் வருத்தம் வரும். வரட்டும். விட்ட இடத்திலிருந்து திரும்பவும் நடவுங்கள். முதற்கிழமை கொடித்தம்பம் வரை போனாலே போதும்.