வந்ததை அனுப்பினேன்

2018 மே மாதம். சென்னையிலிருந்து குலதெய்வக் கோயிலுக்குப் புறப்பட்ட ஒரு குடும்பம், திருவண்ணாமலை மாவட்டம் போளூருக்கு அருகே வழி கேட்க வண்டியை நிறுத்தியது. வண்டியில் இருந்த மூதாட்டி, அங்கு நின்ற குழந்தைகளுக்குச் சாக்லேட் கொடுத்தார். பிள்ளை பிடிக்கும் கும்பல் சுற்றுகிறது என்ற வாட்ஸ்அப் வதந்தி அந்த வட்டாரத்தில் ஏற்கெனவே பரவியிருந்தது. கூட்டம் கூடியது. மூதாட்டி அடித்தே கொல்லப்பட்டார்; உடன் வந்தவர்கள் படுகாயமடைந்தார்கள்.

அடித்தவர்களுக்குச் சட்டம் இருக்கிறது. வதந்தியைக் கிளப்பியவரையும் தேடிப் பிடிக்கலாம். இரண்டுக்கும் நடுவே நின்று அதைக் கைமாற்றிவிட்டவர்கள் எந்தக் கணக்கில் வருவார்கள்? அவர்களில் யாரைக் கேட்டாலும் பதில் ஒன்றாகத்தான் இருக்கும்: "எனக்கு வந்துச்சு, நான் அனுப்பினேன்." இந்தப் பதிலை ஏற்கலாமா? பள்ளியில் பிள்ளைகளுக்கு எதைச் சொல்லித்தர வேண்டும் என்பது இதற்கான விடையைப் பொறுத்தது.

அனுப்பியவர் பக்கத்திலும் நியாயம் உண்டு. அவருக்குக் கெட்ட எண்ணம் இல்லை. நாலு பேர் தங்கள் பிள்ளைகளைப் பத்திரமாகப் பார்த்துக்கொள்ளட்டும் என்றுதான் அனுப்பினார். பொய்யென்று தெரிந்திருந்தால் அனுப்பியிருக்கவும் மாட்டார். தெரியாமல் செய்ததற்கு ஒருவரைப் பொறுப்பாக்குவது கொடுமையாகக்கூடத் தோன்றலாம்.

ஆனால், டீக்கடையில் வதந்தி பேசப்பட்ட காலத்தில் பேசியவருக்கு ஒரு முகம் இருந்தது. "அவன் சொன்னா பாதிதான் நம்பணும்" என்று ஊருக்குத் தெரிந்திருந்தது. ஃபார்வர்டு ஆகும் செய்தியில் முதலில் சொன்னவர் மறைந்துபோகிறார். தெரிவது கடைசியாக அனுப்பியவரின் பெயர் மட்டும். மாமா அனுப்பினார், டீச்சர் அனுப்பினார் என்பதற்காகவே அதை நம்புகிறோம். ஆக, அனுப்புகிறவர் அந்தச் செய்திக்கு ஜாமீன் கையெழுத்துப் போடுகிறார். பத்திரத்தைப் படிக்காமல் கையெழுத்துப் போட்டவர், கடன் திரும்பாதபோது "எனக்குத் தெரியாது" என்று தப்ப முடியாது. நல்லெண்ணம் குற்றத்தின் கனத்தைக் குறைக்கும்; பொறுப்பை நீக்காது.

இந்தப் பொறுப்பைப் பள்ளி சொல்லித்தருகிறதா? தமிழ்நாட்டில் 2011 முதல் அரசு, அரசு உதவிபெறும் பள்ளிகளின் மேல்நிலை மாணவர்களுக்கு விலையில்லா மடிக்கணினி வழங்கப்பட்டது; பின்னர் ஹைடெக் லேப்களும் வந்தன. நல்லதுதான். ஆனால் கருவியைக் கையாளத் தெரிந்தால் மட்டும் போதுமா? 2017 தொடக்கத்தில் தட்டம்மை, ரூபெல்லா தடுப்பூசி முகாம் நடந்தபோது, வாட்ஸ்அப்பில் வந்த வதந்தியை நம்பிப் பெற்றோர் பலர் தங்கள் பிள்ளைகளுக்கு ஊசி வேண்டாம் என்றார்கள். அவர்கள் யாருக்கும் போனைப் பயன்படுத்தத் தெரியாமல் இல்லை. கேரளத்தின் கண்ணூர் மாவட்டத்தில் 2018இல் மாவட்ட நிர்வாகமே 'சத்யமேவ ஜயதே' என்ற பெயரில், பொய்ச்செய்தியை அடையாளம் காணும் வகுப்புகளை அரசுப் பள்ளிகளில் தொடங்கியது.

அப்படியொரு வகுப்புக்கு, அந்த ஆண்டில் நாடெங்கும் சுற்றிய ஒரு வீடியோவே போதும். பைக்கில் வரும் இருவர், தெருவில் இருக்கும் சிறுவனைத் தூக்கிக்கொண்டு பறக்கிறார்கள். வீடியோ அங்கே முடிகிறது. உண்மையில் அது பாகிஸ்தானின் கராச்சியில், குழந்தைக் கடத்தல் பற்றி எச்சரிப்பதற்காக எடுக்கப்பட்ட விளம்பரம். அசலில் பைக் திரும்பி வரும், சிறுவனை இறக்கிவிடுவார்கள், எச்சரிக்கை வாசகம் எழுதிய அட்டையை விரித்துக் காட்டுவார்கள். யாரோ அந்தக் கடைசி நொடிகளை வெட்டிவிட்டார்கள். வகுப்பில் வெட்டிய வீடியோவை முதலில் காட்டி, "இதை யார் யாருக்கு அனுப்புவீர்கள்?" என்று கேட்க வேண்டும். பிறகு முழு வீடியோவைக் காட்ட வேண்டும். யார் எடுத்தது, எங்கே, எப்போது, முன்னும் பின்னும் என்ன என்ற கேள்விகளைக் கரும்பலகையில் எழுதிப்போடும் வேலை அதன்பின் இருக்காது, பிள்ளைகளே கேட்பார்கள்.

"போனையே கொடுக்காதீர்கள், பிரச்சினை தீர்ந்தது" என்பவர்கள் உண்டு. ஆஸ்திரேலியாவில் 2025 டிசம்பர் முதல் 16 வயது நிரம்பாதவர்கள் முக்கியச் சமூக ஊடகங்களில் கணக்கு வைத்திருக்கத் தடை. அந்தத் தடைக்கும் வெளியேதான் வாட்ஸ்அப் நிற்கிறது. தவிர, பதினாறு முடிந்த மறுநாள் விவேகம் தானாக வந்துவிடாது. வாட்ஸ்அப் நிறுவனமும் 2018 ஜூலையில், இந்தியாவில் ஒரு செய்தியை ஒரே தடவையில் ஐந்து இடங்களுக்கு மேல் ஃபார்வர்டு செய்ய முடியாதபடி வரம்பு வைப்பதாக அறிவித்தது. கைக்குக் கடிவாளம் போடலாம். அந்த ஐந்து இடங்களுக்கு எதை அனுப்புவது என்பதை வரம்பு சொல்லித்தராது.

இன்னும் வலுவான ஆட்சேபம் ஒன்று உண்டு. பெரியவர்கள் செய்யும் தவறுக்குப் பிள்ளையின் தலையில் பாரத்தை ஏற்றலாமா? குடும்ப குரூப்பில் தாத்தா போட்ட செய்தியை "அது பொய்" என்று ஏழாம் வகுப்புப் பிள்ளை சொன்னால், அதைக் கெட்டிக்காரத்தனம் என்பார்களா, வாய்த்துடுக்கு என்பார்களா? மரியாதைக்கும் உண்மைக்கும் நடுவே பிள்ளையைக் கொண்டுபோய் நிறுத்துவது நியாயமில்லை. அதனால் தீர்ப்புச் சொல்லக் கற்றுத்தர வேண்டாம், கேட்கக் கற்றுத்தரலாம். "தாத்தா, இதை உங்களுக்கு யார் அனுப்பினாங்க?" என்று கேட்பதில் மரியாதைக் குறைவு எதுவும் இல்லை. அதைக்கூடப் பிள்ளையின் கடமையாக்கிவிடக் கூடாது. தெரியாத ஒன்றைத் தான் அனுப்பாமல் இருப்பதுதான் பிள்ளையின் கடமை. வீட்டைத் திருத்துவது வீட்டிலுள்ள பெரியவர்களின் வேலை.

"வந்ததை அனுப்பினேன்" என்ற பதிலைப் பெரியவர்களிடமிருந்து ஏற்க முடியாது. பிள்ளையிடமிருந்து ஏற்க மறுப்பதற்கு முன், அந்தப் பிள்ளைக்குச் சொல்லித்தந்திருக்க வேண்டும். சொல்லித்தராத பள்ளிக்கும், நடந்து காட்டாத வீட்டுக்கும் அந்தப் பிள்ளையைக் குறைசொல்லும் உரிமை இல்லை.