துணிவு எந்தப் பக்கம்?

துணிவு ஒரு நற்குணம் என்று நாங்கள் வகுப்பறையில் சொல்லிக் கொடுக்கிறோம். அது யாருக்காக என்ற கேள்வியைச் சேர்க்காமல் அப்படிச் சொல்வது போதுமா? மோட்டார் சைக்கிள் வீராங்கனை ஃபே டெய்லரின் வாழ்க்கை எனக்குள் எழுப்பும் கேள்வி இதுதான்.

1904இல் அயர்லாந்தின் பிர் என்ற சிற்றூரில் பிறந்தவர் அவர். 1928இல் இலண்டன் கிறிஸ்டல் பலஸில் ஸ்பீட்வே ஓடத் தொடங்கினார். பிரேக் இல்லாத வண்டியை, புழுதித் தடத்தில் பின்சில்லு சறுக்கச் சறுக்க வளைத்து ஓட்டும் பந்தயம் அது. அவுஸ்திரேலியாவுக்கும் நியூசிலாந்துக்கும் சென்று, பெயர்பெற்ற ஆண்களையே தோற்கடித்தார். 1930இல் இங்கிலாந்தின் ஸ்பீட்வே போட்டிகளில் பெண்கள் ஓடத் தடை வந்தது. மனம் தளராமல் கார்ப் பந்தயத்துக்கு மாறினார். 1934இல் அயர்லாந்தின் லீன்ஸ்டர் கிண்ணத்தை வென்றார்.

இதுவரை அவர்மீது மதிப்புத்தான் வருகிறது. ஆனால் இதே பெண்தான் ஒஸ்வால்ட் மோஸ்லியின் பாசிச இயக்கத்தில் சேர்ந்தார். ஹிட்லரின் ஜேர்மனியை ஆதரித்தார். 1940இல், 18பி என்ற யுத்தகால ஒழுங்குவிதியின் கீழ் விசாரணையின்றித் தடுத்து வைக்கப்பட்டார். முதலில் ஹொலோவே சிறை. பின்னர் மேன் தீவின் தடுப்பு முகாம். மோட்டார் சைக்கிள் பந்தயத்தால் உலகப் புகழ் பெற்ற அதே தீவு. 1943இல் விடுதலையானார்.

பிறப்பால் பெண் என்பதற்காக ஒதுக்கப்பட்டவர் அவர். யூதர்களின் குடியுரிமையை அவர்களின் பிறப்பைக் காட்டி 1935இல் பறித்த ஆட்சியின் பக்கம் அவரால் எப்படி நிற்க முடிந்தது?

அநீதிக்கு உள்ளானவர் தானாகவே நீதியின் பக்கம் வந்துவிடுவார் என்று நம்ப நமக்கு ஆசை. இழப்புகளைக் கண்ட சமூகத்தவராகிய நமக்கு அந்த ஆசை இன்னும் கூடுதல். ஆனால் காயம் கற்றுத் தருவது, 'எனக்கு ஏன் இப்படி?' என்ற கேள்வியை மட்டுமே. 'எவருக்கும் ஏன் இப்படி?' என்று கேட்பதற்குத் தனியான ஒரு துணிவு வேண்டும். சறுக்கும் வண்டிமேல் அஞ்சாதவரிடம் அது இருக்கவில்லை.

அந்தத் துணிவு நம்மிடம் உண்டா என்று பார்ப்பதற்கும் அவரே உரைகல். அவருடைய கொள்கை எனக்கு வெறுப்பூட்டுகிறது. ஆயினும், மூன்று வருடங்களுக்கு மேலாக ஒருவரை விசாரணையின்றி அடைத்து வைத்தது சரியே என்று எழுத எனக்குக் கை வரவில்லை. நமக்கு வேண்டாதவருக்கும் அதே நீதியைக் கேட்கும்போதுதான் துணிவு நற்குணமாகிறது. பிள்ளைகளுக்கு அதையும் சேர்த்தே சொல்லிக் கொடுக்க வேண்டும்.