வட்டியும் வாடகையும்: ஓசூர்க் குடித்தன வீடுகளை முன்வைத்து ஓர் அறவிசாரணை

பணத்தைக் கொடுத்துப் பெறும் வட்டியைப் பல சமயங்கள் கடிந்தும் கட்டுப்படுத்தியும் வந்திருக்க, வீட்டைக் கொடுத்துப் பெறும் வாடகையை அவை பெரும் எதிர்ப்பின்றி ஏற்றுக்கொண்டது ஏன் என்பது அறவியலின் பழைய வினாக்களுள் ஒன்று. 13-ஆம் நூற்றாண்டுக் கிறித்தவ இறையியலாளர் தாமஸ் அக்குவினாஸ், பயன்படுத்தும்போதே தீர்ந்துபோகும் தானியம், மது போன்றவற்றையும், பயன்படுத்திய பின்னும் எஞ்சி நிற்கும் வீட்டையும் பிரித்துக் காட்டி, பணத்தை முதல் வகையில் சேர்த்தார். ஒரு பொருளின் இழப்புக்குப் பொறுப்பேற்பவருக்கே அதன் ஆதாயமும் உரியது என்பது இசுலாமியச் சட்டவியலின் விதி; வட்டியைத் தடைசெய்த அம்மரபு வாடகையை அனுமதிப்பதை இவ்விதியைக் கொண்டே விளங்கிக்கொள்ளலாம். கூரை ஒழுகினாலும், வீடு பூட்டிக் கிடந்தாலும், அந்தச் சுமை உடைமையாளரைச் சார்ந்தது என்பதே வாடகைக்குரிய நியாயம்.

வாடகை வீடே வட்டிக் கடனில் எழும்போது இந்த நியாயம் சோதனைக்கு உள்ளாகிறது. ஓசூரில் 1970-களில் சிப்காட் தொழிற்பேட்டை தொடங்கி, அசோக் லேலண்ட், டிவிஎஸ், டைட்டன் ஆலைகள் வந்தபின், மூக்கண்டப்பள்ளி, பேகேபள்ளி, ஜூஜூவாடிப் பக்கங்களில், பரம்பரை மனையின்மேல் கடன் வாங்கி இரண்டு, மூன்று போர்ஷன் கட்டி வாடகைக்கு விடுவது நடுத்தரக் குடும்பங்களின் முதலீடாயிற்று. எடுத்துக்காட்டாக, 9 விழுக்காடு வட்டியில் 20 ஆண்டுகளுக்கு 30 இலட்சம் கடன் பெற்றால் மாதத் தவணை ஏறத்தாழ 27,000 ரூபாய். முதல் மாதத்தில் அதில் 22,500 ரூபாய் வட்டிக்கே போய்விட, அசலில் கழிவது 4,500 ரூபாய்தான். மூன்று போர்ஷன்கள் தலா 10,000 ரூபாய் ஈட்டினால் ஆண்டு முடிவில் மிஞ்சுவது 36,000 ரூபாய். ஒரு போர்ஷன் இரண்டு மாதம் காலியாக இருந்தாலே அது 16,000 ஆகச் சுருங்கி, வீட்டு வரிக்கும் வெள்ளையடிப்புக்கும் போர்வெல் மோட்டார்ப் பழுதுக்கும் கரைந்துவிடும். 2019-இன் வாகனத் துறை மந்தத்தில் அசோக் லேலண்ட் ஓசூரிலும் வேலையில்லா நாட்களை அறிவித்ததும், 2022 மே முதல் 2023 பிப்ரவரிக்குள் ரிசர்வ் வங்கி தன் ரெப்போ விகிதத்தை, அதாவது வங்கிகளுக்குத் தான் தரும் குறுகியகாலக் கடனின் வட்டியை, 4-இலிருந்து 6.5 விழுக்காடாக உயர்த்தியதும், வரவும் செலவும் உடைமையாளரின் கையில் இல்லை என்பதை உணர்த்தின.

அப்போது பற்றாக்குறையை ஈடுகட்ட, குடியிருப்பவர் தந்த அட்வான்ஸ் தவணைக்குத் திருப்பப்படுகிறது. வங்கி வட்டி ஏறியதைச் சொல்லி வாடகை ஏற்றப்படுகிறது. வேறு உடன்பாடு இல்லாதபோது முன்பணம் மூன்று மாத வாடகையைத் தாண்டலாகாது என்று 2019-இல் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டம் கூறுகிறது; அத்தொகை திருப்பித் தரவேண்டிய அடைக்கலப் பொருளேயன்றி வருமானமன்று. வீட்டுக்காரர் சில இலட்சங்களை மொத்தமாகப் பெற்று, வாடகையின்றிக் குடியிருக்கவிட்டு, கெடு முடிந்ததும் அதே தொகையைத் திருப்பித் தரும் போக்கியம் இன்னும் சிக்கலானது. அத்தொகையைக் கடனாகக் கொடுத்த குடியிருப்பவர் அதற்கு ஈடாக ஆதாயம் பெறுவதால் அதுவும் வட்டியே என்று இசுலாமிய அறிஞர் பலர் கருதுகின்றனர்.

வரவு சிறிதாயினும் செலவு அதைவிட விரியாதவரை கேடில்லை என்னும் கருத்தைத் திருக்குறள் வலியறிதல் அதிகாரத்தில் வைத்திருக்கிறது. தன் வலிமையை அளந்தறியாமல் இறங்குபவரின் தவறு பிறரையும் வருத்தும் என்பதே இங்கு அதற்குரிய பொருள். ஆகவே, முதன்முறையாகக் கடனில் வீடு கட்டி வாடகைக்கு விடுபவர், வாடகையே வராவிட்டாலும் ஆறு மாதத் தவணையைச் செலுத்தும் கையிருப்பை ஒதுக்கியும், அட்வான்ஸைத் தனிக் கணக்கில் தொடாமல் வைத்தும் தொடங்குவது வெறும் கணக்கு எச்சரிக்கையன்று. அவர் வாங்கும் வாடகையை நேர்மையாக்குவது அதுவே. இழப்பைத் தான் ஏற்காமல் குடியிருப்பவர்மீது தள்ளிவிடுபவர் வாடகை என்ற பெயரில் வட்டியையே வாங்குகிறார்.