நாணயம்

தமிழில் நாணயம் என்றால் காசு. நேர்மைக்கும் அதே சொல்தான். கையில் காசில்லாதவனிடம் நேர்மையும் இராது என்று எண்ணிய யாரோ ஒரு வட்டிக்கடைக்காரர்தான் இரண்டையும் ஒரே முடிச்சாகப் போட்டு வைத்தாரோ என்று எனக்குச் சில சமயம் தோன்றுவதுண்டு.

அமெரிக்க சர்க்கார் இந்தச் சந்தேகத்தை விதியாகவே எழுதி வைத்திருக்கிறது. அங்கே நாட்டின் ரகசியங்களைக் கையாளும் உத்தியோகத்துக்குப் போகிறவர், நம்பத் தகுந்தவர்தானா என்ற சோதனையில் முதலில் தேற வேண்டும். திவாலானதுண்டா, வரி கட்டாமல் விட்டதுண்டா, சூதாட்டத்தில் பணம் தொலைத்ததுண்டா என்றெல்லாம் குடைந்து குடைந்து கேட்பார்கள். 2017-இல் நடைமுறைக்கு வந்த விதிகள் 13 தலைப்புகளில் மனிதரை நிறுத்துப் பார்க்கின்றன. பண விவகாரம் ஒன்று. சொந்த நடத்தை ஒன்று. சந்தேகம் மிஞ்சினால் அதன் பலன் நாட்டுக்கே. கொலைக் குற்றம் சாட்டப்பட்டவனுக்குக் கிடைக்கிற சந்தேகத்தின் பலன், பாவம், கடன்காரனுக்குக் கிடையாது!

அநியாயம் என்று சொல்ல வாயெடுத்தால் ஆல்ட்ரிச் ஏம்ஸ் குறுக்கே வந்து நிற்கிறார். சி.ஐ.ஏ.யில் உத்தியோகம். விவாகரத்தும் ஊதாரித்தனமும் சேர்ந்து கடனில் ஆழ்த்தின. 1985-இல் வாஷிங்டனிலிருந்த சோவியத் தூதரகத்துக்குப் போய் ரகசியங்களை விற்றார். அவர் காட்டிக் கொடுத்தவர்களில் பலர் உயிரிழந்தார்கள். ஆனால் கதையின் மறுபாதியைப் பாருங்கள். ஆண்டுச் சம்பளம் 70,000 டாலரைக்கூட எட்டாத அந்த மனிதர், 1989-இல் 5,40,000 டாலரை ரொக்கமாகக் கொடுத்து வீடு வாங்கினார். மனைவி வீட்டார் பணக்காரர்கள் என்ற பேச்சே பலருக்குப் போதுமானதாக இருந்தது. சந்தேகப்பட்டவர்களும் இருந்தார்கள், ஆனாலும் 1994-இல்தான் கைது. கணக்கில் வராத செல்வமும் சந்தேகத்துக்குரியது என்று இன்றைய விதி சொல்கிறது. நம் கண்கள்தாம் அப்படிப் பழகவில்லை. ஏழையின் கடனுக்கு நாம் காரணம் கேட்கிறோம். பணக்காரனின் வீட்டுக்கோ நாமே காரணம் கற்பித்துக் கொடுக்கிறோம்.

விதி கல்நெஞ்சமுள்ளதல்ல. வேலை போயிற்று, நோய் வந்தது, மணவாழ்வு முறிந்தது என்றால் பரிவோடு கேட்கும். கடன் எவ்வளவு என்பதைவிட, கடன் வந்தபின் அந்த மனிதர் எப்படி நடந்துகொண்டார் என்பதையே முக்கியமாகப் பார்க்கும். அது எளிதில் பொறுக்காதது மறைப்பைத்தான்.

இங்கேதான் எனக்கு மனம் உறுத்துகிறது. கடனை மறைக்கிறவர் பெரும்பாலும் மானமுள்ளவர். வெட்கமில்லாதவர் எல்லாவற்றையும் கூசாமல் எழுதிவிட்டுப் போய்விடுவார். மானத்துக்காக மறைத்தவர், அதே மானத்துக்காகப் பகைவன் மிரட்டலுக்கும் பணிவார் என்று சர்க்கார் அஞ்சுகிறது. அஞ்சுவதில் நியாயமிருக்கிறது. ஆனால் அந்த வெட்கத்தை உண்டாக்கியது யார்? ஐசனோவர் 1953-இல் பிறப்பித்த உத்தரவைக் காட்டி, தன்பால் விருப்பம் கொண்டவர்களை வேலையிலிருந்து துரத்தினார்கள். மிரட்டலுக்குப் பணிந்துவிடுவார்களாம். தெரிந்தால் வேலை போகும் என்று ஆக்கியதாலேயே அவர்கள் மறைத்தார்கள், மறைத்ததையே குற்றமாக்கினார்கள். அந்த விருப்பத்தைக் காட்டி ஒருவரை ஒதுக்கக் கூடாது என்று சொல்ல 1995-ஆம் ஆண்டு கிளிண்டன் உத்தரவு வர வேண்டியிருந்தது.

ஆகவே, கேட்கிறவர் முகம் சுளிக்கமாட்டார் என்ற நம்பிக்கை இருந்தால்தான் கடன்பட்டவர் வாய் திறப்பார். மறைத்தவர், பிறர் கண்டுபிடித்துக் கேட்கும் முன் தாமாகவே உடனடியாகத் திருத்திக்கொண்டால் அதுவும் அவருக்குச் சாதகமாகும் என்கிறது விதி. உடனடியாக என்றால் எத்தனை நாள் என்று அதில் இல்லை. மானமுள்ள ஒருவருக்கு எத்தனை இரவுகள் வேண்டும் என்பது, அதை எழுதியவர்களில் கடன்பட்டவர் யாரேனும் இருந்திருந்தால் அவருக்குத் தெரிந்திருக்கும்.