பாட்டும் மிடறும்

(குத்தாலம் திருக்கோயிலில் அன்பர் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)

திருச்சிற்றம்பலம்



சென்ற பிரதோட நாளில் இத்திருத்துருத்தித் திருக்கோயில் மண்டபத்தே திருமுறை ஓதுதல் நிறைவுற்று, யாவரும் திருநீறு பெற்றுக் கலைந்துகொண்டிருந்த வேளையில், பன்னிரண்டு பதின்மூன்று அகவை மதிக்கத்தக்க சிறுவனொருவன் என்பால் வந்து நின்றான். நெடுநேரம் ஒன்றும் பேசிலன். "என்ன தம்பி?" என்று வினவினேன். "ஐயா, குரல் நன்றாயில்லாதவன் பாட்டு எழுதலாமா?" என்றான்.

மெல்ல வினவி அறிந்த செய்தி இது. அவன் நம்பெருமான்மீது கீர்த்தனம் போன்ற சில பாட்டுக்கள் எழுதி வைத்திருக்கின்றான். ஆயின், சிறார் கூடிப் பாடுமிடத்தில், குரல் உடையும் பருவத்தினனாதலின், பின்வரிசையில் நின்று வாயைமட்டும் அசைக்குமாறு பெரியவரொருவர் அவனைப் பணித்துவிட்டனர். பாடவே தகாதவன் பாட்டியற்றத் தகுவனோ என்பது அவன் ஐயம். அடுத்த கூட்டத்தில் விடை கூறுவேன் என்று சொல்லியனுப்பினேன். அவன் இன்று வந்திருக்கின்றான், அத்தூணருகே அமர்ந்திருக்கின்றான். கேட்டவன் சிறுவனே, கேள்வி சிறிதன்று.

பாட்டு என்பது யாது? மிடற்றினின்றும் புறப்படும் ஓசையே பாட்டு என்பது உலகவர் எண்ணம். நம் சித்தாந்த நூல்கள் அவ்வளவில் நில்லா. வாக்கு நால்வகைத்து, சூக்குமை, பைசந்தி, மத்திமை, வைகரி என. இவற்றுள் பிறர் செவிக்குப் புலனாவது வைகரியொன்றே. மத்திமை உள்ளே சொல்வடிவாய் ஒழுங்குபட்டுத் தன்னுணர்வுக்குமட்டும் கேட்பது. பைசந்தியோ மயில்முட்டையின் நீரிலே பீலியின் பன்னிறமும் பிரிவின்றி அடங்கிக் கிடப்பதுபோல, எழுத்தும் சொல்லும் வேறுபடாது கிடப்பது. சூக்குமை அதனினும் நுண்ணிது. பாட்டொன்று பிறக்கும் வழி இதுவாயின், அது புலவன் மிடற்றை வந்து எட்டுமுன்னரே பெரும்பாலும் பிறந்து முடிந்துவிட்டதன்றோ? எஞ்சியிருப்பது காற்றின் தொழில். துருத்தி என்பது ஆற்றிடைக்குறைக்கும் பெயர், கொல்லுலையில் ஊதுங் கருவிக்கும் பெயர். நம்மூர்க்குப் பெயர் தந்தது முன்னையது. நம் நெஞ்சுக்கூட்டில் இருப்பது பின்னையது. துருத்தி ஊதுகின்றது, பொன்னை உருக்கி அணி செய்பவன் வேறொருவன்.

மேலும், இனிய மிடறு தனு கரண புவன போகங்களுள் அடங்கியதோர் உறுப்பின் நலமாகும். வினைக்கீடாக ஒருவர்க்கு வாய்க்கும், ஒருவர்க்கு வாயாது. சிவந்த மேனி வாய்த்தவனுக்கே வழிபாடு உரியது என்று எவரேனும் சொல்வரேல் நகைப்போம். இனிய குரல் வாய்த்தவனுக்கே பாட்டு உரியது என்று சொல்லும்போதோ தலையசைத்துக் கேட்டிருக்கின்றோம்.

திருஞானசம்பந்தப் பெருமானுடன் திருநீலகண்ட யாழ்ப்பாணர் உடன்சென்று பதிகங்களை யாழிலிட்டு வாசித்து வந்தமை நீவிர் அறிந்ததே. பெருமான் தருமபுரத்துக்கு எழுந்தருளினர். இத்தருமபுரம் நமக்கு அணித்தேயுள்ள ஆதீனத் திருமடம் விளங்கும் தருமபுரமன்று. காரைக்காலை அடுத்த பாடல் பெற்ற தலம். இரண்டனையும் ஒன்றாக்கிப் பேசுவோர் இப்பக்கத்தும் உளராதலின் இதனைக் குறிக்கலானேன். அது யாழ்ப்பாணரைப் பெற்ற தாயாரின் பிறப்பிடம். ஆங்கிருந்த சுற்றத்தார் பேரன்பின் மிகுதியால், பாணர் யாழில் இசைப்பதனாலேயே திருப்பதிகங்கள் உலகிற் பரவின என்று புகழ்ந்தனர். புகழப்பட்டவர் நடுங்கினார். யாழில் அடங்காததொரு பதிகம் பாடியருளவேண்டும் என்று தாமே பெருமானை வேண்டினார். பெருமான் யாழ்மூரிப் பதிகத்தை அருளினர். பாணர் நரம்பில் அது அடங்கவில்லை. யாழையே உடைக்க ஓங்கினார். பெருமான் அதனைத் தடுத்து வாங்கி, கருவியில் அடங்கும் அளவு வாசித்தலே அமையும் என்னுங் கருத்துப்பட அருள்செய்து மீண்டும் அவர் கையிற் கொடுத்தனர்.

இவ்வரலாற்றைக் கேட்போர் பலரும் யாழின் தோல்வியென்றே கொண்டு முடித்துவிடுவர். எனக்கோ அந்தக் கடைசிச் செயலே பெரிதாகத் தோன்றுகின்றது. யாழ் திருப்பித் தரப்பட்டது. அடங்காது என்று தெரிந்த பின்னரும் வாசிக்குமாறு பணிக்கப்பட்டது. கருவியின் குறை பாட்டின் குறையன்று. அக்குறை காரணமாகக் கருவியை எறிந்துவிடவும் ஆகாது. நரம்பாலாய யாழுக்குச் சொன்னது தசையாலாய யாழுக்கும் ஒக்கும்.

இனி அணிமைக் காலத்துக்கு வருவோம். மயிலாடுதுறையைக் கடந்து வடகிழக்கே சென்றால் சீகாழி. அருணாசலக் கவிராயர் தில்லையாடியில் 1711 இல் தோன்றித் தருமபுர ஆதீனத்திற் கற்றுச் சீகாழியில் வாழ்ந்து 1779 இல் மறைந்தவர். தமிழிசை மூவருள் ஒருவராக இன்று போற்றப்படுகின்றவர். அவரியற்றிய இராமநாடகக் கீர்த்தனையைக் கேளாத தமிழ்ச்செவி இல்லை. (சைவர் இராமகாதை பாடியதுபற்றி முகஞ்சுளிப்போர் சிலர் உளர், அவ்வழக்கை இன்று எடுத்துக்கொள்ளேன்.) அப்பாட்டுக்களுக்கு இசைவகுத்தவர் யார்? கவிராயரிடம் கம்பராமாயணம் பாடங்கேட்ட சட்டநாதபுரத்து வேங்கடராமையரும் கோதண்டராமையரும். இவ்விருவரும் இசைவல்லார். பாட்டாகச் செய்து தருமாறு கேட்டவர்களும் அவர்களே. பண்ணும் தாளமும் அமைத்துப் பாடிப் பரப்பியவர்களும் அவர்களே. சொல்லும் பொருளும் ஆசிரியருடையன. இசையும் மிடறும் மாணாக்கருடையன. இருநூற்றைம்பது ஆண்டுகளாக மக்கள் உருகுகின்றனர். கவிராயரின் குரல் எத்தகையது என்று கேட்டவரை யான் கண்டதில்லை.

ஆயினும் எதிர்வழக்கையும் சொல்லிவிடுதல் நேர்மையாகும். கோபாலகிருஷ்ண பாரதியார் நந்தனார் சரித்திரக் கீர்த்தனையை இயற்றி, மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையவர்களிடம் சிறப்புப்பாயிரம் வேண்டினர். அதிலுள்ள இலக்கணப் பிழைகளைக் கருதிப் பிள்ளையவர்கள் இசையாது நாட்கடத்தி வந்தனர். ஒருநாள் பாரதியார் அவர் வீட்டுத் திண்ணையில் காத்திருக்கையில் தம் கீர்த்தனமொன்றைத் தமக்குள்ளே பாடிக்கொண்டிருந்தாராக, உள்ளே இருந்த பிள்ளையவர்கள் அதனைக் கேட்டு மனமுருகிப் பாயிரம் அளித்தனர் என்பது வரலாறு. ஏட்டிற் கண்டபோது பிழை தோன்றிற்று. வாயாற் கேட்டபோது பிழை மறைந்தது. ஆதலின் இயற்றியவன் குரலே பாட்டுக்குச் சான்று என்று ஒருவர் சொல்லக்கூடும்.

யான் மறுக்கேன். ஆனால் பிறிதொன்றையும் சேர்த்துக் காணல் வேண்டும். பின்னாளில், 1871 ஐ ஒட்டி, பிள்ளையவர்களிடம் தமிழ் கற்க மாயூரம் வந்த உ. வே. சாமிநாதையரவர்கள் பாரதியாரிடம் சிலகாலம் இசையும் பயின்றனர். அக்காலத்துப் பாரதியாருக்குச் சாரீரம் போய்விட்டமையும், அதனால் அவர் பிடிலைத் துணைக்கொண்டமையும் ஐயரவர்கள் எழுதியுள்ளனர். நந்தனாரை அழவைத்துப் பாடியவருக்கே மிடறு நின்றுபோயிற்று. பாட்டு நின்றதோ? நாடெங்கும் கதை நிகழ்த்துவோர் வாயிலும், களத்துமேட்டில் நின்றார் வாயிலும் அஃது ஓடிக்கொண்டிருந்தது. திண்ணையிலன்று பிள்ளையவர்களை உருக்கியது குரலின் இனிமையோ, அக்குரலில் ஏறிவந்த நந்தனாரின் ஏக்கமோ? எனக்கு ஐயமில்லை.

அங்ஙனமாயின் பாட்டியற்றுவோனுக்கு இன்றியமையாத கருவி யாது? செவி என்பேன். சீகாழி முத்துத்தாண்டவர் இசைமரபிற் பிறந்தும் உடல்நோயால் நலிந்து ஒதுங்கியிருந்தவர். தில்லைக்குச் சென்று அடியார் வாயினின்று முதலிற் செவிப்படுஞ் சொல்லையே முதலாகக் கொண்டு பாடுக என்று அவர்க்கு ஆணை கிடைத்தது என்பர். நன்றாக நோக்குமின்: குரலைத் திருத்துக என்று ஆணையில்லை, கேள் என்றே ஆணை. செருமானிய நாட்டுப் பீத்தோவனுக்கோ புறச்செவியும் போய்விட்டது. 1824 இல் அவருடைய ஒன்பதாம் பேரிசை வியன்னா நகரில் அரங்கேறியபோது, அவையோர் கைகொட்டும் ஒலியைக் கேளாது நின்றவரை ஒருவர் திருப்பி நிறுத்திக் காட்டவேண்டியிருந்தது என்பர். மத்திமை என்று நம் நூல்கள் சொல்வதற்கு மேனாட்டிலிருந்து இதனினும் தெளிந்த எடுத்துக்காட்டு வேண்டுமோ?

அற்றேல், ஓதுவாமூர்த்திகள் பல்லாண்டு முயன்று பண்பயில்வது வீண்தானோ எனின், அன்று. மூவர் பதிகங்கள் தில்லையில் ஏடுகளாய்க் கிடைத்தபின், அவற்றின் பண்முறை தெரியாது சோழமன்னனும் நம்பியாண்டார் நம்பிகளும் மயங்கினர். எருக்கத்தம்புலியூரில் யாழ்ப்பாணர் மரபில் வந்த அம்மையாரொருவர் வாயிலாகவே அது மீண்டும் கிடைத்தது. சுற்றத்தார் புகழ்ச்சிக்கு நடுங்கிய பாணரின் குடியே அவ்விசையைக் காத்து வைத்திருந்தது! நல்ல மிடறு உடையார் அதனைப் பேணிப் பண்பட்டு ஓதக் கடவர், அது தவம். அத்தவத்தைக் காட்டி மற்றையோர் வாயை அடைப்பது தவமாகாது. திருத்தொண்டத்தொகை தொகையடியாருள் ஒருசாராரைப் பரமனையே பாடுவார் என்று பெயரிட்டு வணங்குகின்றது. அவர்க்கு இலக்கணம் அந்த ஏகாரத்தில் இருக்கின்றது. எவரைப் பாடினார் என்பதே வினா. எத்தகைய குரலிற் பாடினார் என்று சேக்கிழார் பெருமானும் வினவினாரல்லர்.

இத்தலத்துக்கே வருவோம். சங்கிலியாரைப் பிரிந்து கண்ணொளி இழந்த நம்பியாரூரர், காஞ்சியில் இடக்கண் பெற்று, ஆவடுதுறை வணங்கி, உடம்பெல்லாம் நோய்மூடிய நிலையில் இங்கு வந்தனர். வடகுளத்தில் மூழ்குக என்று பெருமான் பணிக்க, மூழ்கி நோய்நீங்கினர். வலக்கண் அப்போதும் இல்லை. திருவாரூர் சென்றபின்னரே அது கிடைத்தது. அத்தகைய உடம்பிலிருந்துதான் இத்தலத்துப் பதிகம் எழுந்தது. உடம்பு முழுதும் நேராகட்டும், பின்னர்ப் பாடுவேன் என்று அவர் காத்திருக்கவில்லை. இங்குள்ள பெருமானுக்குச் சொன்னவாறறிவார் என்பது திருப்பெயர். சொன்னதை அறிவார். சொன்ன குரலை நிறுத்துப் பார்ப்பார் என்று அவர்க்குப் பெயரில்லை.

இவ்வளவும் பேசும் யான் யார்? பத்தகவையில் மாலைதோறும் தேவாரம் கற்கச் சென்றேன். கற்பித்த பெரியவர் ஒருநாள், "தம்பி, நீ மனத்துக்குள்ளே சொல்லிக்கொள், அதுவும் புண்ணியமே" என்றார். அன்பாகத்தான் சொன்னார். அன்று மூடிய வாயை ஐம்பதாண்டு யான் திறக்கவில்லை. பதிகப்பொருள் விரித்து எத்துணையோ மேடைகளிற் பேசியிருக்கின்றேன். ஒரு பாட்டையும் பண்ணோடு சொன்னதில்லை. என் அன்னையார் இறுதியிற் படுக்கையிலிருந்தபோது, "ஒரு பதிகம் பாடப்பா" என்றார். யான் கைப்பேசியை எடுத்துத் தேர்ந்த ஓதுவாரொருவர் பாடிய பதிகத்தை ஒலிக்கச் செய்தேன். அன்னையார் முழுதும் கேட்டார். "நன்றாயிருக்கின்றது. நீ பாடவில்லையே" என்றார். மறுநாள் அவர் இல்லை.

இப்போது கோயில்தோறும் விடியலில் ஒலிபெருக்கி பாடுகின்றது. குற்றமற்ற குரல்கள். கீழே நிற்கும் நாம் வாய்மூடி நிற்கின்றோம்.

இச்சிறுவன் தன் பாட்டை இன்று எழுதிக்கொணர்ந்தான். படித்தேன். மூன்றாமடியில் ஒரு சொல்லை அடித்து அடித்து எழுதியிருந்தான். காரணங் கேட்டேன். "அங்கே நீண்டு நிற்கவேண்டும் ஐயா, குறிலாக இருப்பதனால் இடிக்கின்றது" என்றான். "பாடிப் பார்த்தாயோ?" என்றேன். "இல்லை ஐயா, கேட்டுப் பார்த்தேன்" என்றான். அவ்விடத்தில் நெடில் முதலாகிய சொல்லொன்றை இருவருமாகத் தேடி இட்டோம்.

அவன் தமக்கையார் அதனை இப்போது பாடுவார். இரண்டாம் முறை பாடும்போது யாவரும் உடன்பாடலாம். தம்பி, எழுந்து வா. பின்வரிசைக்கன்று, இங்கே என்னருகில் வந்து நில். யானும் பாடப்போகின்றேன்.

திருச்சிற்றம்பலம்